நடுவர் சட்டையில் ஒரு மைக்

டிசம்பர் 11

மைமூன் சொல்லித்தான் இதை எழுத ஆரம்பிக்கிறேன். "எந்தச் சாமான் எங்க காலை வாருதுன்னு அன்னன்னைக்கே குறிச்சு வச்சிக்கிடுங்கண்ணே, அடுத்த படத்துக்கு உதவும்" என்றாள். இந்தப் படமே இன்னும் பாதி தாண்டவில்லை. அதற்குள் அடுத்த படம்.

எங்கள் கம்பெனியில் மொத்தம் இரண்டு பேர். படம் பிடிப்பது அவள், சத்தம் பிடிப்பது சுடலைமுத்துவாகிய நான். மேலப்பாளையத்தில் கல்யாண வீடு கல்யாண வீடாக அலைந்து படம் எடுத்து, அதில் மிச்சம் பிடித்து ஒரு பழைய கேமரா வாங்கியிருக்கிறாள். மேலெல்லாம் கீறல். நான் முகம் சுளித்தபோது, "கீறல் உடம்புலதானண்ணே, கண்ணுல இல்லையே" என்றாள். அந்தக் கேமராவில் அவள் எடுத்ததைப் பார்த்த பிறகு சுளித்த முகம் நேராகிவிட்டது. இருபத்தாறு வயசுக்கு அந்தப் பெண்ணுக்கு இருக்கிற கண் பெரிய கண்.

படம் வாகைப்பட்டிப் பெண்கள் கபடி அணியைப் பற்றி. அதிலும் இசக்கியம்மாளைப் பற்றி. பகலெல்லாம் டவுன் ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிற பிள்ளை, சாயங்காலம் ஆனால் எதிரணிக்குள் பாடிப் போய் இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத்தான் திரும்புவாள். மற்றவர்கள் தொண்டை கிழியக் 'கபடி கபடி' என்று பாடுவார்கள். இவள் முணுமுணுப்பாள். சத்தத்தைக் குறைத்து மூச்சை மிச்சம் பிடிக்கிறாள். இதைக் கண்டுகொண்ட அன்றைக்கே மைமூன் முடிவு செய்துவிட்டாள். "படத்துல மியூசிக்கே கிடையாதுண்ணே. இவ பாடுததுதான் மியூசிக். நான் கண்ணு, நீங்க காது. காது போச்சுன்னா படம் போச்சு."

யாரிடம் சொல்கிறாள்? இருபது வருஷம் மைக் செட் போட்ட காது இது. கோயில் கொடைத் திருவிழாவில் குழாய் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே துண்டை விரித்துத் தூங்கியவன் நான்.

டிசம்பர் 14

இன்று மைமூனின் வித்தைகளை எழுதியே ஆக வேண்டும். வெயில் முகத்தில் ஒரு பக்கம் மட்டும் அடிக்கிறது, மறுபக்கம் இருட்டு. பெரிய கம்பெனிக்காரன் என்றால் அதற்கென்று ஒரு வெள்ளித் தட்டி கொண்டுவருவான். இவள், நிறுத்திவைத்த காரில் கண்ணாடிக்கு வெயில் மறைக்க வைப்பார்களே, அந்தப் பளபளப்பு மடிப்பை எடுத்து விரித்தாள். இசக்கியின் முகத்தில் வெளிச்சம் பால் மாதிரி விழுந்தது.

ஸ்டாண்டு வைக்க இடமில்லாத இடத்தில் ஒரு கயிறு. கேமராவின் அடியில் ஒரு திருகாணி, அதில் கயிற்றின் ஒரு நுனி. மறு நுனியைக் காலால் மிதித்துக்கொண்டு கேமராவை மேலே இழுத்துப் பிடித்தால் ஆட்டமே இல்லை. சிரித்தேன். பிறகு நானும் பிடித்துப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

டிசம்பர் 17

வாகைப்பட்டி மைதானத்தில் காற்று பேய்க்காற்று. மைக்கில் புஸ்ஸு புஸ்ஸென்று அடித்தது. மைக்குக்கு மேலே மாட்டுகிற முடி வைத்த உறை விற்கிறான்தான், அவன் சொல்கிற விலைக்கு ஒரு ஆட்டையே வாங்கி ரோமம் எடுக்கலாம். கடைவீதியில் நல்ல சடை சடையான கரடி பொம்மை ஒன்று வாங்கி வந்தேன். வீட்டில் என் பெண்டாட்டி செண்பகம் பார்த்துவிட்டு வெட்கப்பட்டாள்.

"எனக்கா? இந்த வயசுலயா?"

"கத்தரிக்கோலை எடு. தோல உரிக்கணும்."

அதற்குப் பிறகு ராத்திரிச் சாப்பாடு வரையில் என்னிடம் பேசவில்லை. ஆனால் உறையைத் தைத்துக் கொடுத்தது அவள்தான். காற்று சுத்தமாக அடங்கிவிட்டது. மைமூன் அதைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்து, "அண்ணே, நீங்க கில்லாடி" என்றாள். செண்பகத்திடம் இதைச் சொல்லவில்லை, அவளுக்கும் பங்கு போய்விடும்.

டிசம்பர் 20

ஹெட்போனில் இடது பக்கம் சத்தம் குறைவு. மலிவு விலைச் சாமானின் லட்சணம். ஒயரைப் பிரித்து ஈயம் வைத்துப் பார்த்தேன், மாறவில்லை. சரி, ஹெட்போனையே திருப்பி, வலது பக்கத்தை இடது காதில் மாட்டிப் பார்த்தேன். அப்போதும் இடது காதில்தான் குறைவு. ஆக, இரண்டு பக்கமுமே கெட்டுப்போய்விட்டது. வேறு வாங்க வேண்டும்.

டிசம்பர் 22

புது ஹெட்போனும் அதே கேடு. எல்லாம் ஒரே இடத்தில் செய்கிறான்கள் போலிருக்கிறது.

டிசம்பர் 23

எங்கள் வீட்டில் உட்கார்ந்து இதுவரை எடுத்ததைப் போட்டுப் பார்த்தோம். மைமூன் நெற்றியைச் சுருக்கினாள்.

"அண்ணே, ஒரு கீச்சுச் சத்தம் வருதே. கொசு மாதிரி."

நான் கவனித்துக் கேட்டேன். ஒன்றும் இல்லை. உன் காதில்தான் கொசு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அடுக்களையிலிருந்து செண்பகம், "என்னட்டி அது, கீய்யுன்னு? அதை அமத்துங்க, பல்லு கூசுது" என்றாள்.

"ஆமாமா, எனக்கும் கேக்கத்தான் செய்யுது. லேசா" என்றேன்.

மைமூன் என் முகத்தையே பார்த்தாள். பிறகு ரெக்கார்டரில் மாட்டியிருந்த பவர் பேங்கைப் பிடுங்கிவிட்டுச் சாதாரண பேட்டரிக் கட்டைகளைப் போட்டாள். "மலிவு பவர் பேங்க்ல இந்தத் தொல்லை உண்டுண்ணே. இனி கட்டைதான்." எந்தச் சாமானில் எந்தக் கோளாறு என்று நிமிஷத்தில் பிடித்துவிடுகிறாள். ஆனாலும் அவள் ஏன் அப்படிப் பார்த்தாள் என்று தெரியவில்லை.

டிசம்பர் 24

குக்கர் விசில் வரவே இல்லை, பருப்பு அடிப்பிடித்துவிட்டது. செண்பகம் குளிக்கப் போகும்போது என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள். வெயிட் புதுசு வாங்க வேண்டும்.

டிசம்பர் 29

பொங்கல் போட்டிக்கு இன்று ஒத்திகை பார்க்கப் போனோம். மைதானத்தைச் சுற்றி நாலு குழாய் ஸ்பீக்கர். வர்ணனைக்காரர் மூச்சு விடாமல் பேசுவார். அந்தக் கூச்சலுக்கு அடியில் இசக்கியின் முணுமுணுப்பை எப்படிப் பிடிப்பது? அவள் சட்டையில் மைக் வைக்க முடியாது, பிடித்து அமுக்கும்போது குத்திவிடும். கோட்டோரத்தில் வைத்தால் வர்ணனைதான் விழும். தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன்.

மைமூன் நடுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவர் தங்கராஜ் சார், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். பாடிப் போகிறவள் எந்தப் பக்கம் போனாலும் கோட்டுக்கு வெளியே கூடவே ஓடுகிறார். பாட்டு நிற்கிறதா என்று கேட்பதுதான் அவர் வேலை.

"அண்ணே, இசக்கிக்குப் பக்கத்துலயே போறது யாரு?"

எனக்குப் புல்லரித்துவிட்டது. நடுவர் சட்டைக் காலரில் ஒரு சின்ன மைக், இடுப்பில் தீப்பெட்டி அளவு டிரான்ஸ்மிட்டர், இங்கே என் காதில் ஹெட்போன். தங்கராஜ் சாரும் ஒத்துக்கொண்டார். "படத்துல என் பேரு வருமாம்மா?" என்று மட்டும் கேட்டார். எவ்வளவு காசு இருந்தாலும் இப்படி ஒரு மூளையைக் கடையில் வாங்க முடியாது.

ஜனவரி 3

டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லி எதிர்வீட்டிலிருந்து ஆள் வந்தது. இந்தக் காலத்து நடிகர்கள் வாய்க்குள்ளேயே பேசினால் நான் என்ன செய்வேன்?

ஜனவரி 8

மைதானத்தில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தேன். இசக்கி வந்து என் இடது பக்கம் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறாள். பிறகு மைமூனிடம் போய், "அண்ணாச்சிக்கு எம்மேல கோவமா? நாலு தடவ கூப்பிட்டேன், திரும்பவே இல்ல" என்று கேட்டிருக்கிறாள். அந்தப் பிள்ளைக்குக் கபடிதான் என்றில்லை, பேச்சும் முணுமுணுப்புத்தான்.

மைமூன் இப்போதெல்லாம் எங்கே போனாலும் என் வலது பக்கமாகவே நடந்து வருகிறாள். மூத்தவன் என்கிற மரியாதையாக இருக்கும்.

ஜனவரி 14

பொங்கல். பால் பொங்கிற்று. சாயங்காலம் பேட்டரிகளைச் சார்ஜ் போட்டேன், கரடித் தோலைத் துவைத்துக் காயவைத்தேன். நாளை கால் இறுதி. வாகைப்பட்டிக்கும் சேர்ந்தகுளத்துக்கும்.

ஜனவரி 15

ஆட்டத்தில் என்ன நடந்தது என்பதை ஒழுங்காக எழுதி வைக்கிறேன், நாளைக்கு யாரும் மாற்றிப் பேசக்கூடாது.

முடிய மூன்று நிமிஷம் இருந்தது. இரண்டு அணியும் சம புள்ளி. இசக்கி பாடிப் போனாள். ஜனம் ஊளையிட்டது, வர்ணனைக்காரர் ஒரு பக்கம் கத்தினார். அவள் மூலை வரைக்கும் போய் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு, மூன்றாவது ஆளின் பிடியிலிருந்து நழுவி நடுக்கோட்டைத் தொட்டாள். அப்போது சேர்ந்தகுளத்துப் பெண்கள் கையைத் தூக்கினார்கள். "சார், பாட்ட விட்டுட்டா! மூலையிலயே விட்டுட்டா!"

தங்கராஜ் சார் நேர்மையான மனுஷர். "ஸ்பீக்கர் சத்தத்துல எனக்குச் சரியா விளங்கலம்மா" என்று சொல்லிவிட்டார். நம்ம பக்கத்துப் போட்டிகளில் இது வழக்கம்தான். நடுவருக்குச் சந்தேகம் வந்தால் வீடியோக்காரனைக் கூப்பிடுவார்கள். அவன் படத்தைப் போட்டுக் காட்டுவான், அதுதான் தீர்ப்பு. ஆனால் பாட்டு நின்றதா என்பதைப் படத்தில் எப்படிப் பார்ப்பது? சார் நேரே என்னிடம் வந்தார்.

"என் சட்டையில மைக் இருக்கு, ஒங்க காதுல அது கேக்குது. நீங்க சொல்லுங்க அண்ணாச்சி. பாடினாளா, நிறுத்திட்டாளா?"

மைதானமே என்னைப் பார்த்தது. இசக்கியும் பார்த்தாள். மைமூன் எதிர்க்கோடியில் கேமராவோடு நின்றாள்.

"நின்னுட்டு சார்" என்றேன்.

புள்ளி போயிற்று, இசக்கி அவுட். ஒரே புள்ளியில் வாகைப்பட்டி தோற்றது. இசக்கி முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே வேன் பக்கம் போய்விட்டாள்.

நான் கேட்டதைத்தான் சொன்னேன். மூலைக்குப் போனபோது ஹெட்போனில் வெறும் இரைச்சல்தான் இருந்தது. பாட்டு இல்லை. நின்றது நின்றதுதான். மைமூன் ரெக்கார்டரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள்.

ஜனவரி 16, காலை

காப்பி குடிக்கும்போதே மைமூன் வந்துவிட்டாள். முகம் சரியில்லை. லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டு, என்னைக் கேட்கச் சொல்லவில்லை, செண்பகத்தைக் கூப்பிட்டாள்.

"மதினி, இதைக் கொஞ்சம் கேளுங்க. என்ன சொல்லுதான்னு சொல்லுங்க."

செண்பகம் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஹெட்போனை மாட்டினாள். "கபடி கபடிங்கா."

"எங்கயாவது நிக்காளா?"

"நிக்கலயே. மூச்சு வாங்குது, ஆனா நிக்கல. பாவம், யாரு பிள்ள இது?"

நான் ஹெட்போனைப் பிடுங்கி மாட்டிக்கொண்டேன். இரைச்சல். மறுபடி போடச் சொன்னேன். இரைச்சல். சத்தத்தைக் கூட்டினேன், இரைச்சல் கூடிற்று. திரையில் சத்தத்துக்கு ஏற்ப ஏறி இறங்கி ஓடுகிற கோட்டை மைமூன் விரலால் காட்டினாள். இரைச்சலுக்கு நடுவே சின்னச் சின்ன மேடாக, சீராக, ஒன்றுகூட விடுபடாமல் ஓடியது. அந்தக் கோடு எனக்குத் தெரிகிறது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

"ஒனக்கு எப்பத் தெரியும்?" என்றேன்.

"நீங்க ஹெட்போனத் திருப்பித் திருப்பி மாட்டுனியளே, அன்னைக்கே."

"ஏன் சொல்லல?"

"நீங்களே சொல்லுவியன்னு பாத்தேன்." அவள் கண் கலங்கிவிட்டது. "நேத்தைக்கு நான் ஓடி வந்திருக்கணும்ணே. அவ்வளவு பேருக்கு முன்னால ஒங்கள எப்படிச் சொல்லன்னு நின்னுட்டேன். எம்மேலயும் தப்பு இருக்கு."

என் இடது பக்கம் நின்ற செண்பகம் சுற்றி வந்து வலது பக்கம் நின்றுகொண்டாள். எனக்கு வெட்கமும் பயமுமாக இருந்தது. காது போனவனுக்கு இந்தத் தொழிலில் என்ன வேலை? ஊருக்கே தெரிந்துவிட்டால் இனி கல்யாண வீட்டுக்கு மைக் பிடிக்கக்கூட எவன் கூப்பிடுவான்? ஆனால் மத்தியானம் அரை இறுதி. அதற்கு முன்னால் போனால்தான் உண்டு. வாகைப்பட்டிப் பிள்ளைகளையும் மைதானத்துக்கு வரச் சொல்லி மைமூன் போன் போட்டாள்.

ஜனவரி 16, சாயங்காலம்

விழாக் கமிட்டித் தலைவர் கையை விரித்தார். "முடிஞ்ச ஆட்டம் முடிஞ்சதுதான் அண்ணாச்சி. நேத்து நின்னுட்டுன்னு சொன்னீரு, இன்னைக்கு நிக்கலன்னு சொல்லுதீரு. எத நம்ப?"

"என்னைய நம்பாண்டாம். எனக்குக் காது கேக்காது" என்றேன்.

சொல்லிவிட்டேன். வாயிலிருந்து வந்துவிட்டது. வர்ணனைக்காரரின் மைக்குக்குப் பக்கத்தில் நின்று சொன்னதால் நாலு குழாய் ஸ்பீக்கரிலும் அது போய்விட்டது. மைதானம் அப்படியே திரும்பிப் பார்த்தது. இனி மறைக்க என்ன இருக்கிறது? ரெக்கார்டரைத் தூக்கிக் காட்டினேன். "இதுக்குக் கேக்கும். இதப் போட்டு எல்லாரும் கேளுங்க. அதுக்குப் பெறவு சொல்லுங்க."

மைக் செட்டில் ரெக்கார்டரை மாட்டியது நான்தான். அந்த வேலை மட்டும் இன்னும் கை மறக்கவில்லை. வர்ணனைக்காரர் வாயை மூடிக்கொண்டார், அதுவே பெரிய அதிசயம். ஓடவிட்டேன்.

எனக்குக் கேட்டது என்று எழுதமாட்டேன். நான் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். ஐஸ்காரர் மணியடிப்பதை விட்டார். ஒரு கிழவர் கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு தலையை ஆட்ட ஆரம்பித்தார். இசக்கி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தன் மூச்சை ஊரே கேட்கிறது, அந்தப் பிள்ளைக்குக் கூச்சம்.

முதலில் பேசியது சேர்ந்தகுளத்துக் கேப்டன் ரோஸ்லின். நேற்றுக் கையைத் தூக்கியதே அவள்தான். "அவ நிறுத்தல சார். எங்களுக்குக் கேக்கல, அதான் கேட்டோம். அந்தப் புள்ளி அவளுக்குத்தான். மிச்சம் மூணு நிமிஷத்த ஆடிருவோம்." தலைவர் ஏதோ சொல்ல வந்தார். அவள் அதற்குள் ஷூவைக் கழற்றிவிட்டுக் கோட்டுக்குள் போய் நின்றுவிட்டாள். அரை இறுதிக்குப் போய்விட்ட அணி அது. போனதை விட்டுக்கொடுத்துவிட்டுத் திரும்ப வந்து நின்றது. அந்தப் பெண்ணைப் பெற்றவர்களைப் பார்த்தால் கும்பிட வேண்டும்.

இரண்டு புள்ளி முன்னால் இருந்துதான் வாகைப்பட்டி தொடங்கியது. ஆனாலும் தோற்றுப்போயிற்று. ரோஸ்லின் ஒரே பாட்டில் மூன்று பேரைத் தொட்டுவிட்டாள். ஒரு புள்ளியில்தான் வித்தியாசம், நேற்றைப் போலவே.

நான் இசக்கியிடம் போனேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் என் வலது பக்கமாக வந்து, எப்போதும் இல்லாமல் நன்றாகச் சத்தமாகப் பேசினாள்.

"நேத்து தோத்தது நீங்க சொல்லி அண்ணாச்சி. இன்னைக்குத் தோத்தது நாங்க ஆடி. ரெண்டும் ஒண்ணு இல்ல. இன்னைக்கு நான் நல்லா தூங்குவேன்."

ஜனவரி 20

காது டாக்டர் பெட்டிக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார். ரொம்ப நேரம் அமுக்க வேலையே வரவில்லை. நரம்பு பழுதாம், இடது பக்கம் அதிகம், திரும்ப வராதாம். மெஷின் வைத்தால் பேச்சு விளங்கும் என்றார். "ஸ்பீக்கர் பக்கத்துல வேலை பாத்தீங்களா?" என்று கேட்டார். துண்டை விரித்துத் தூங்கினேன் என்று சொல்லவில்லை.

மைமூனுக்குப் போன் போட்டு, வேறு நல்ல ஆளாகப் பார்த்துக்கொள் என்று சொன்னேன். அவள் பேசியது பாதி விளங்கவில்லை, போனைச் செண்பகத்திடம் கொடுத்தேன். செண்பகம் 'ம்' கொட்டினாள், பிறகு சிரித்தாள், பிறகு வைத்துவிட்டாள்.

"என்ன சொல்லுதா?"

"மைக்க எங்க வைக்கணும்னு ஒங்களுக்குத்தான் தெரியுமாம். எவ்வளவு கூட்டணும் குறைக்கணும்னு ரெக்கார்டர்ல ஆடுத அந்த ஊசியப் பாத்தாப் போதுமாம். கேக்கதுக்குத்தான் ஆள் வேணுமாம். மதினி வருவியளான்னா."

"நீ என்ன சொன்ன?"

"கரடியத் தச்சது நான்தானன்னேன்."

ஜனவரி 26

விடுமுறை நாள், பயிற்சி ஆட்டம். மைமூன் கயிற்றை மிதித்துக்கொண்டு நின்றாள். தங்கராஜ் சார் காலரில் நான் மைக் மாட்டினேன், ஒரு விரல் அளவு இறக்கி, துணி உரசாத இடத்தில். ஊசியைப் பார்த்து அளவு வைத்தேன். ஹெட்போன் செண்பகத்தின் தலையில். மல்லிகைப்பூவை நசுங்கிவிடும் என்று கழற்றி என் சட்டைப் பையில் போட்டுவிட்டாள். காலையிலிருந்து என்னை அதிகாரம் பண்ணிக்கொண்டிருக்கிறாள். "ஒயர ஆட்டாதிய, கரகரங்கு. யாரு அங்க செருப்ப உரசுதது?" எனக்கு ஒரு பக்கம் எரிச்சல், ஒரு பக்கம் பெருமை. இருபத்திரண்டு வருஷமாக இப்படி ஒரு காதை அடுக்களையில் வைத்திருந்தேன்.

இசக்கி பாடிப் போனாள். உதடு அசைந்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. செண்பகம் கண்ணை மூடிக்கொண்டாள். படம் ஓடும்போது வாய் பேசக்கூடாது என்று அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ, என் மணிக்கட்டைப் பிடித்து அதில் ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தாள். கபடி, கபடி, கபடி. இசக்கி மூலைக்குப் போனாள், நாலு பேர் வளைத்தார்கள், விரல் தட்டிக்கொண்டே இருந்தது. கீழே விழுந்தாள், தரையோடு ஊர்ந்தாள், தட்டு மெதுவானது, ஆனால் விடவில்லை. நடுக்கோட்டில் இசக்கியின் கை பட்ட பிறகுதான் செண்பகம் விரலை எடுத்தாள்.